முதல் குழல் எங்கே?

அத்தியாயம் 11

தூக்குத் தண்டனைக் கைதியிடம் கூடக் கடைசி ஆசை என்ன என்று கேட்பார்கள். இந்தத் துப்பாக்கியிடம் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு அது உலைக்குப் போகிறது.

டைப்பிஸ்ட் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டே முக்கால்.

இருபது வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வேலையை விட்டு, ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்ட பிறகும் பெயர் போகவில்லை. கூட இருப்பவன் மைக்செட். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தவன். ஒலிபெருக்கியை விற்றுவிட்டான், வாயை விற்க முடியவில்லை.

இருவரும் நின்றிருந்தது தையல்காரியின் கடையில். கடை என்றால் ஒரு வீட்டின் முன்னறை. ஒரு தையல் மெஷின், ஒரு வெட்டும் மேசை, ஓர் அலமாரி. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி இடுக்கு. அந்த இடுக்கில் குறுக்கே ஒரு கறுத்த இரும்புக் கம்பி, இரண்டு பக்கமும் மரக்கட்டையில் செருகியிருந்தது. தைத்து முடித்த துணிகள் அதில் ஹேங்கரில் தொங்கின.

"நாளைக்குப் பத்து மணிக்கு அண்ணன் கேஸ் வருது மேடம்," என்றாள் தையல்காரி. "வக்கீல் சொல்லிட்டார். புதுசா ஒரு அத்தாட்சி இருந்தா கொடுங்க, இல்லன்னா இதுதான் கடைசின்னு."

வழக்கு டைப்பிஸ்டுக்குத் தலைகீழ்ப் பாடம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மில் வாசலில் வேலைநிறுத்தக்காரர்கள் கூடியிருந்தபோது, ஒரு நிமிஷத்தில் ஒன்பது பேர் செத்தார்கள். ஒன்பது பேரும் தொழிலாளிகள். இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள். சுட்டது காவல் படை இல்லை, தொழிலாளிகள் ஒளித்து வைத்திருந்த துப்பாக்கி என்றது தீர்ப்பு. காரணம், படையிடம் இருந்த ஒரே பழைய இயந்திரத் துப்பாக்கி அதற்கு மூன்று வருஷம் முன்பே கழித்துக் கட்டப்பட்டதாம். சங்கச் செயலாளருக்கு ஆயுள். அவன்தான் தையல்காரியின் அண்ணன். தொழிலாளிகளின் அந்தத் துப்பாக்கி கடைசிவரை அகப்படவில்லை. இல்லாத பொருள் எங்கே அகப்படும்?

அந்தத் தீர்ப்பை நான்கு பிரதி, கார்பன் வைத்து அடித்தவள் டைப்பிஸ்ட். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தாள். அதற்காக நீதிபதி அவளைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு இன்னும் உறுத்துகிறது.

"அந்தச் சட்டைதான் நாளைக்கு அண்ணனுக்கு," என்று தையல்காரி கம்பியைக் காட்டினாள். வெள்ளைச் சட்டை. "வருஷத்துக்கு ஒண்ணு தைக்கிறேன். வருஷா வருஷம் அளவு குறைச்சுக்கிட்டே வரேன்."

மைக்செட் கையிலிருந்த பையை ஒரு ஹேங்கரில் கோத்துக் கம்பியில் மாட்டினான். பை மெல்ல நகர்ந்து, சுவரோரம் போய் மற்ற துணிகளோடு ஒட்டிக்கொண்டது.

"என்னக்கா இது, உங்க கம்பி என்னை ஓரங்கட்டுது?"

"எதை மாட்டினாலும் அப்படித்தான் தம்பி. சுவர் பக்கமா போய் மீட்டிங் போடும். கட்டை கோணலோன்னு ஆசாரியைக் கூப்பிட்டுப் பார்த்தாச்சு. மட்டம் சரியாத்தான் இருக்காம்."

"துரு கூடப் பிடிக்கலையே."

"இந்த வீட்டு ஓனர் பெரியப்பா பிடிக்க விடமாட்டார். மாசம் ஒண்ணாம் தேதி கழட்டிட்டுப் போய், துடைச்சு எடுத்துட்டு வந்து மாட்டுவார். வாடிக்கைக்காரங்க துணியில கறை படக்கூடாதுன்னு. அண்ணன் உள்ள போன மறு வருஷம், ஒருத்தரும் எனக்கு இடம் தரலை. இவரே தேடி வந்து இந்த ரூமைக் கொடுத்தார்."

பெயரைச் சொன்னதும் வந்துவிட்டார். எழுபத்தைந்து வயது, நேரான முதுகு. கையில் இரண்டு தம்ளர் தண்ணீர்.

"கிளம்பிட்டீங்களா?" என்றார் டைப்பிஸ்டிடம்.

"ஆயுதக் கிடங்கு வரைக்கும். அந்தப் பழைய துப்பாக்கியை இன்னைக்கு உருக்கறாங்க. அதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடணும்."

அவர் தலையாட்டினார். "பழைய இரும்பு. போய்ச் சேரட்டும்."

தம்ளரை மேசையில் வைத்தபோது, சிந்திய சொட்டை உடனே துடைத்தார்.

*

ஆயுதக் கிடங்கின் பொறுப்பாளர் ஓய்வுபெற இன்னும் ஒரு மாதம். அதனால் அவருக்கு யார் மேலும் பயம் இல்லை, யார் மேலும் அக்கறையும் இல்லை.

"கிழவியைப் பார்க்கணுமா? வாங்க. இன்னைக்கு அவளுக்கு வழியனுப்பு விழா."

"கிழவியா?" என்றான் மைக்செட்.

"படையில எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. ரெண்டு காலை ஊன்றிக்கிட்டுக் குந்தியிருப்பா. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா."

முற்றத்தில் எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே நீளமாக, ஒல்லியாக, கறுப்பாக ஒரு துப்பாக்கி. முன்னால் இரண்டு மடக்குக் கால்கள். தோட்டாப் பெட்டி கீழே இல்லை, வளைந்த கொம்பு மாதிரி மேலே செருகும் வகை. உடம்பெல்லாம் முத்திரைகள். ஓர் அரசாங்கத்தின் சின்னத்தைச் சுத்தியலால் அடித்து அழித்துவிட்டு, பக்கத்திலேயே அடுத்த அரசாங்கத்தின் சின்னம். அதையும் அழித்து அடுத்தது. எண் மட்டும் யாரும் தொடாமல் இருந்தது. 417.

கூடவே ஒரு தடித்த ஏடு. துப்பாக்கியின் வரலாற்றேடு. டைப்பிஸ்ட் நின்றபடியே படித்தாள்.

பிறந்தது குதிரைப் படைக்காக. இயந்திரத் துப்பாக்கி என்றால் வண்டியில் கட்டி இழுக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், ஒரே ஆள் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்பது அதிசயம். குதிரைகள் போயின, கிழவி இருந்தாள். முதல் போரில் பதுங்கு குழி. இரண்டாவது போரில் பாலத்துக்குக் காவல். பிறகு எல்லைச் சாவடி, ஆறு வருஷம். அதற்குப் பிறகு சிறைச்சாலைக் கோபுரம், பதினெட்டு வருஷம். சரக்கு ரயில் காவல். பயிற்சிப் பள்ளி. கடைசியில் கலவரம் அடக்கும் பிரிவு. அந்நியனைக் குறிபார்த்தது பத்துப் பதினைந்து வருஷம். மிச்ச ஆயுள் முழுக்க, உள்ளூர்க்காரனை.

"இவ்வளவு சர்வீசுக்குப் பென்ஷன் இல்லாம உலையில போடறாங்களே," என்றான் மைக்செட். "இவளுக்கு ஒரு சங்கம் இல்லையா?"

"சங்கத்துக்காரங்களைத்தான் அவ கவனிச்சுட்டாளே," என்றாள் டைப்பிஸ்ட்.

கடைசிப் பக்கம். மில் சம்பவத்துக்கு மூன்று வருஷம் முந்தைய தேதி. 'சேவையிலிருந்து நீக்கப்பட்டது. இரு குழல்களும் ஈயம் ஊற்றி அடைக்கப்பட்டன.' கீழே அதிகாரியின் கையெழுத்து. இந்த வரியைத்தான் அவள் நான்கு பிரதி அடித்திருந்தாள்.

"இரு குழல்கள்னா?"

"இந்த ரகத்துக்கு எப்பவும் ரெண்டு குழல்மா. சுடச் சுடச் சூடாயிடும். ஒண்ணைக் கழட்டிட்டு இன்னொண்ணு போடணும். ஒண்ணுல 1-னு போட்டிருக்கும், ஒண்ணுல 2."

டைப்பிஸ்ட் குனிந்து துப்பாக்கியில் மாட்டியிருந்த குழலைப் பார்த்தாள். வாயில் ஈயம் அடைத்திருந்தது. அடியில் எண். 417. பக்கத்தில் சின்னதாக 2.

"முதல் குழல் எங்கே?"

"நான் பொறுப்பு எடுத்தப்பவே ஒண்ணுதான் இருந்தது. கேட்டேன். ஏட்டுல ரெண்டுன்னு இருக்கு, ரெண்டுன்னு நினைச்சுக்கோன்னாங்க. நினைச்சுக்கிட்டேன்."

மைக்செட் எடை மேடையில் சாய்ந்தான். மேடை ஒரு பக்கமாக ஆடியது.

"டேய், பார்த்து! காலுக்கு முட்டு வெச்சிருக்கேன், நகர்ந்துடும்!"

முட்டு என்பது ஒரு பழைய பதிவேடு. எழுத்து என்று எதைப் பார்த்தாலும் படித்துவிடுவது டைப்பிஸ்டின் வியாதி. உருவி எடுத்து, தூசியைத் தட்டினாள்.

"அது ஒண்ணுமில்லம்மா. துணிப் பதிவேடு. குழல் துடைக்கிற துணிக்கு அந்தக் காலத்துல ரொம்பத் தட்டுப்பாடு. எந்தத் துப்பாக்கிக்கு எத்தனை துண்டுன்னு எழுதி, ஆர்மரர் கையெழுத்துப் போட்டாத்தான் கொடுப்பாங்க."

"ஆர்மரர்னா?"

"துப்பாக்கிகளைப் பழுது பார்த்து, துடைச்சு, பத்திரமா வெச்சுக்கிற ஆள்."

டைப்பிஸ்ட் பக்கங்களைத் தள்ளினாள். மில் சம்பவம் நடந்த வருஷம். அந்த மாதம். விரல் நின்றது.

417. ஒரு துண்டு. மறுநாள், 417. மறுநாள், 417. வரிசையாக ஐந்து நாள்.

"மைக்செட், மூணு வருஷம் முன்னாடி செத்துப்போன ஆளுக்கு யாராவது குளிப்பாட்டி விடுவாங்களா?"

"சொத்து இருந்தா விடுவாங்கக்கா."

அவன் எட்டிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

பொறுப்பாளரும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சுட்டிருக்காங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"பழைய தோட்டா மருந்துல உப்பு மாதிரி ஒண்ணு உண்டு. சுட்டு முடிச்சதும் குழல்ல கொதிக்கிற தண்ணி ஊத்தித் துடைக்கணும். அதோட விட்டா ராத்திரியே துரு ஏறிடும். அதனால அடுத்த மூணு நாளும் துடைக்கணும். சுட்ட நாள் ஒண்ணு, அப்புறம் மூணு. எங்க பசங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கறது இது."

"ஆக நாலு நாள்."

"நாலு நாள்."

"சம்பவம் நடந்தது பன்னிரண்டாம் தேதி. பன்னிரண்டு, பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. சரியா இருக்கு." டைப்பிஸ்ட் விரலை ஒரு வரி மேலே நகர்த்தினாள். "ஆனா பதிவு பதினொண்ணாம் தேதியிலயே ஆரம்பிக்குது."



பதினொன்றாம் தேதியும் சுட்டிருக்கிறார்கள். கழித்துக் கட்டிய துப்பாக்கியை அலமாரியிலிருந்து எடுத்து, இன்னும் வேலை செய்கிறதா என்று முதல் நாளே சோதித்திருக்கிறார்கள். ஏட்டின்படி செத்துப்போன துப்பாக்கி என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தீர்ப்பில் 'திடீர்க் கலவரம்' என்ற சொல் பதினான்கு இடத்தில் வந்தது. பதினான்கு தடவையும் அதை அடித்த விரல்கள் இப்போது பதிவேட்டின் மேல் இருந்தன.

"எல்லா ஏட்டையும் மாத்தி எழுதியிருக்காங்க," என்றான் மைக்செட். "இதை எப்படி விட்டாங்க?"

"துணிக் கணக்கை எந்தப் பெரிய ஆபீசர் பார்ப்பான்?"

"சரி, அந்த ஆர்மரருக்கு அறிவு வேண்டாமா? கொலையை மறைக்கிறவன் கையெழுத்துப் போட்டா துணி வாங்குவான்?"

பொறுப்பாளர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவன் ஆர்மரர் தம்பி. ஒன்பது பேர் செத்ததைப் பத்திக் கூசாமப் பொய் சொல்லிடுவான். அழுக்குக் குழலோட ஒரு துப்பாக்கியை அலமாரியில வெச்சுட்டு வீட்டுக்குப் போகச் சொல்லு, தூக்கம் வராது."

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. பதினொன்றரை. இரண்டு ஆட்கள் வந்து பெட்டியைத் தூக்கினார்கள்.

"நிறுத்த முடியாதா?" என்றாள் டைப்பிஸ்ட்.

"உத்தரவு இருக்கா?"

இல்லை. தனியார் துப்பறிவாளருக்கு யார் உத்தரவு தருவார்கள்? பெட்டி ஏறியது. நூறு வருஷத்தை நெருங்கிய கிழவி, ஒரு ஓட்டை இரும்புக் கட்டிலுக்கும் நசுங்கிய டிரம்முக்கும் நடுவே உட்கார்ந்து கிளம்பிப் போனாள்.

"அத்தாட்சி போச்சுக்கா."

"அது போனா போகட்டும். அந்தக் குழல் அடைச்ச குழல். நமக்கு வேண்டியது சுட்ட குழல். செத்தவங்க உடம்புல எடுத்த ஒன்பது குண்டும் இன்னும் நீதிமன்றப் பெட்டகத்துல ஒரு கண்ணாடிப் புட்டியில இருக்கு. குழலுக்குள்ள இருக்கிற கோடு குண்டு மேல கீறலா விழும். குழல் கிடைச்சா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாப் போதும்." பொறுப்பாளர் பக்கம் திரும்பினாள். "இந்தப் பதிவேட்டை எடுத்துக்கலாமா?"

"அது எந்த இருப்பிலயும் இல்ல. மேடைக்கு முட்டுதான். பதிலுக்கு ஒரு செங்கல் வெச்சுட்டுப் போங்க. ரசீது தரேன், கையெழுத்தும் போட்டுத் தரேன். என்னை இனி என்ன பண்ணுவாங்க?"

மைக்செட் செங்கல் தேடப் போனான்.

"இந்தக் கையெழுத்து யாரோடதுன்னு தெரியுமா?" என்றாள் டைப்பிஸ்ட்.

"ஏன் தெரியாது? என் குருநாதர். பென்ஷனுக்காக வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு கடுதாசி போடுவார்." ஓர் அஞ்சலட்டையை எடுத்து வந்து நீட்டினார். "அவருக்கும் வாய் வார்த்தைக்கும் ரொம்ப தூரம். நேர்ல போனா பேசுவாரோ என்னவோ."

டைப்பிஸ்ட் விலாசத்தைப் படித்தாள். கதவு எண் நான்கு. அடைப்புக்குறிக்குள், வீடு அடையாளம் தெரிவதற்காக, அழகான கையெழுத்தில் இரண்டு சொற்கள்: 'முன்பக்கம் தையல்கடை.'

மைக்செட் செங்கலோடு வந்து நின்றான். படித்தான். செங்கலைக் கீழே வைக்க மறந்துவிட்டான்.

*

ஆட்டோ மறுபடி தையல்கடை வாசலில் நின்றது.

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். "கிடைச்சுதா மேடம்?"

டைப்பிஸ்ட் மேசை மேலிருந்த அளவு நாடாவை எடுத்தாள். இடுக்குக்குப் போனாள். கம்பியின் அலமாரிப் பக்கத்து முனையை நாடாவால் சுற்றினாள். ஐந்து அங்குலம். சுவர்ப் பக்கத்து முனையைச் சுற்றினாள். இரண்டரை.

"கட்டை மட்டமாத்தான் இருக்கு," என்றாள். "கம்பிதான் ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் சன்னம். அதனாலதான் எல்லாம் சுவர் பக்கம் சறுக்குது."

"அதனால என்ன?"

"துணியெல்லாம் எடும்மா."

தையல்காரி ஒவ்வொன்றாக எடுத்தாள். பள்ளிச் சீருடை, ஒரு கோட்டு, மூன்று ரவிக்கை. எதற்கு என்று தெரியாவிட்டாலும், மடிப்புக் கலையாமல் எடுத்தாள். கடைசியாக அண்ணனின் வெள்ளைச் சட்டை.

மைக்செட் கட்டையிலிருந்து கம்பியை உருவி டைப்பிஸ்டிடம் கொடுத்தான். கனத்தது. கட்டைக்குள் மறைந்திருந்த தடித்த முனையில் எண். 417. பக்கத்தில் 1. அவள் அதை வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளத்தது. சுருள் சுருளாகக் கோடுகள், மறுமுனையில் ஒரு பொட்டளவு வெளிச்சம். அந்த வெளிச்சத்தை ஏதோ மறைத்தது.

வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார்.

"அடைச்சது ரெண்டாவது குழலை," என்றார். யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார். "அது ஏற்கெனவே தேஞ்சு போனது. இது நல்ல குழல். அடைக்கச் சொன்னாங்க. கை வரலை."

தையல்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டைப்பிஸ்ட் சுருக்கமாகச் சொன்னாள். எண், இரண்டு குழல், துணி, பதினொன்றாம் தேதி. தையல்காரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியப்பா... நீங்க கிடங்குல வேலை பார்த்தேன்னு சொன்னீங்க. நான் சிமெண்டு கிடங்குன்னு நினைச்சேன்."

அவர் கண் குழலின் மேலேயே இருந்தது.

"சுட்டது யாரு?"

"புதுசா வந்த பசங்களுக்கு அந்தத் துப்பாக்கியைத் தொடவே தெரியாதும்மா," என்றார். "எனக்கு மட்டும்தான் தெரியும்."

மெஷின் சக்கரத்தின் மேல் கை வைத்தபடி தையல்காரி அவரையே பார்த்தாள். அழவில்லை. "இதை ஏன் இங்க கொண்டு வந்து மாட்டினீங்க? ஆத்துல போட்டிருக்கலாமே."

"சொல்லிடணும்னு தினம் நினைப்பேன். வாய் வராது. உன் கண்ணு முன்னாடியே இருந்தா, என்னைக்காவது நீயே கண்டுபிடிப்பேன்னு..." குரல் தேய்ந்தது. "நான் சொல்ல வேண்டியிருக்காதுன்னு."

"இருபத்தொரு வருஷம்."

"ஆமாம்மா."

"நான் தையல்காரி பெரியப்பா. எனக்கு என்ன தெரியும்? துணி மாட்டினேன்."

வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கும் மைக்செட், சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்து, இதையெல்லாம் நீதிபதி முன்னாடி சொல்லுவீங்களா?" என்றாள் டைப்பிஸ்ட்.

கிழவர் நேரான முதுகோடு யோசித்தார். "கேட்டா சொல்லுவேன்."

"கேட்பாங்க. இந்தத் தடவை நான் கேட்க வெப்பேன்."

தையல்காரி எழுந்தாள். டைப்பிஸ்ட் கையிலிருந்த குழலை நோக்கிக் கை நீட்டினாள். வாங்கிக்கொள்ளும் முன் கிழவரின் கை தானாகத் தன் தோள் துண்டை உருவி அவளிடம் நீட்டியது.

"வெறுங்கையால பிடிக்காதம்மா. வேர்வை பட்டா துரு ஏறிடும்."

அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். குழலை வெறும் கையால், இரண்டு கையாலும், விரல் வெளுக்கும்படி இறுக்கிப் பிடித்தாள். அண்ணனின் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வக்கீல் வீடு வரை ஆறு கிலோமீட்டர். உச்சி வெயில். வழி முழுக்க ஒரு விரலைக் கூட அவள் தளர்த்தவில்லை.